மாக் 1.8-க்கு எந்த இறக்கை?

விமான வடிவமைப்புப் போட்டிக்குத் தயாராகும் மாணவர் குழு ஒன்று சில வாரங்களுக்கு முன் நான்கு வரைபடங்களை என் முன்னால் விரித்து வைத்தது. நான்கிலும் உடற்பகுதி ஒன்றுதான்: 12 பயணிகள், 6,000 கி.மீ. தூரம், மாக் 1.8 வேகம், அதாவது ஒலியின் வேகத்தைப் போல 1.8 மடங்கு. இறக்கை மட்டும் வேறு வேறு. ஒன்றில் மெல்லிய நேர் இறக்கை, ஒன்றில் பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை, மூன்றாவதில் முக்கோண வடிவ டெல்டா, நான்காவதில் பறக்கும்போதே சாய்வை மாற்றிக்கொள்ளும் இறக்கை. "இதில் எது வேகமாகப் போகும், சார்?" என்று கேட்டார்கள்.

நான்குமே போகும். நான்கு வகையிலும் மாக் 2-ஐத் தொட்ட விமானங்கள் ஏற்கெனவே பறந்திருக்கின்றன. அதனால் கேள்வியை மாற்றிக் கேட்கச் சொன்னேன். மாக் 1.8-இல் எத்தனை நிமிடம் இருக்கப் போகிறீர்கள்? மீதி நிமிடங்களில் இந்த இறக்கை என்ன செய்ய வேண்டும்? இவற்றுக்குப் பதில் கிடைத்தால் இறக்கை பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். அவர்கள் விமானத்துக்கு என் தேர்வு டெல்டா. அதுவும் ஒரே கோட்டில் ஓடும் முக்கோணம் வேண்டாம், நடுவில் ஒடிந்த விளிம்புள்ள டெல்டா. ஏன் என்பதை அன்று பேசியதைவிடக் கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதுகிறேன்.

முன்னறிவிப்பு இல்லாத காற்று

ஒலியைவிட மெதுவாகப் போகும் இறக்கை வருவது முன்னால் இருக்கும் காற்றுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். இறக்கை உண்டாக்கும் அழுத்த மாற்றம் ஒலியின் வேகத்தில் எல்லாப் பக்கமும் பரவுகிறது. காற்று அதை உணர்ந்து மேலும் கீழுமாகப் பிரிந்து வழிவிடுகிறது. 11 கி.மீ. உயரத்தில், மைனஸ் 56 டிகிரி குளிரில், ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 295 மீட்டர். இறக்கை அதைத் தாண்டிவிட்டால் அந்தச் செய்தி முன்னே போக முடியாது. விமானத்தின் பின்னால் விரியும் ஒரு கூம்புக்குள்ளேயே அடங்கிவிடும். அதுதான் மாக் கூம்பு. மாக் 1.2-இல் அந்தக் கூம்பு பறக்கும் திசையிலிருந்து 56 டிகிரி அகன்றிருக்கும். 1.8-இல் 34 டிகிரி, 2-இல் 30, 3-இல் 19.5. வேகம் கூடக் கூடக் கூம்பு ஒடுங்கிக்கொண்டே போகும்.

இந்தக் கோணங்களை ஒரு தாளில் எழுதி மேசை மேல் ஒட்டிக்கொள்ளச் சொன்னேன். நான்கு இறக்கைகளில் எதைப் பற்றிப் பேசினாலும், இறக்கையின் முன்விளிம்பு கூம்புக்கு உள்ளே இருக்கிறதா வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்ற இடத்தில்தான் பேச்சு வந்து நிற்கும்.

கூம்புக்கு வெளியே உள்ள காற்று எதுவும் தெரியாமல் வந்து இறக்கையில் மோதுகிறது. திரும்பியே ஆக வேண்டிய கட்டாயத்தில் அது ஒரே எட்டில் அழுந்துகிறது. அந்த மெல்லிய எல்லைதான் அதிர்ச்சி அலை. தரைமட்டக் காற்றில் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதற்குள் அழுத்தம், வெப்பம், அடர்த்தி மூன்றும் எகிறிவிடும். பறக்கும் தோட்டாவின் முன்னால் இந்த அலை நிற்பதை எர்ன்ஸ்ட் மாக்கும் பீட்டர் சால்ஹரும் 1880-களிலேயே படம்பிடித்திருக்கிறார்கள். விமானம் என்ற ஒன்றே பறக்காத காலம் அது.

அலை நிற்கும் கோணத்தைப் பொறுத்து அதற்கு நாம் கொடுக்கும் விலை மாறும். மாக் 2-இல் வரும் காற்றுக்குக் குறுக்கே செங்குத்தாக ஓர் அலை நின்றால் அழுத்தம் 4.5 மடங்காகும், காற்றின் வேகம் மாக் 0.58-க்கு விழும், மொத்த அழுத்தத்தில், அதாவது ஓடும் காற்றை இழப்பில்லாமல் நிறுத்தினால் கிடைக்க வேண்டிய அழுத்தத்தில், 28 சதவீதம் திரும்பக் கிடைக்காமல் வீணாகும். அதே காற்றை 10 டிகிரி ஆப்பு ஒன்று சாய்வான அலையால் திருப்பினால் அழுத்தம் 1.7 மடங்குதான் ஆகும், காற்று மாக் 1.64-இல் தொடர்ந்து ஓடும், இழப்பு ஏறக்குறைய ஒன்றரை சதவீதம். ஆப்பின் கோணம் 23 டிகிரியைத் தாண்டினால் அலை விளிம்பை விட்டு விலகி முன்னால் வில்லாக வளைந்து நிற்கும். மழுங்கிய மூக்குக்கும் இதே கதிதான். சாதாரணப் பயணிகள் விமானத்தின் உருண்டையான முன்விளிம்பு இங்கே உதவாமல் போவதற்குக் காரணம் இதுவே.

இறக்கைக் கனத்தின், அதாவது தடிமனின், விலையும் கொடியது. 1925-இல் யாக்கோப் ஆக்கரெட் தந்த எளிய சூத்திரத்தை வைத்து மாணவர்களே கணக்குப் போட்டார்கள். வைர வடிவக் குறுக்குவெட்டு, மாக் 1.8, வரும் காற்றுக்கு இறக்கை மூன்று டிகிரி சாய்ந்திருக்கும் தாக்குகோணம். நாணின் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை உள்ள தூரம்) நீளத்தில் 10 சதவீதம் கனமுள்ள இறக்கையில் தூக்குவிசை இழுவையைப் போல நான்கு மடங்குதான் வந்தது. கனம் 5 சதவீதமானால் பத்து மடங்கு. 3 சதவீதமானால் பதினான்கு. உராய்வையும் உடற்பகுதியையும் சேர்க்காத கணக்குதான் இது, ஆனாலும் திசையைக் காட்டிவிடுகிறது. கனத்தால் வரும் அலை இழுவை, அதாவது அதிர்ச்சி அலைகளால் வரும் இழுவை, கனத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. ஆகவே நான்கு வரைபடங்களும் மெல்லிய இறக்கையாகத்தான் இருக்க வேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை. மெல்லிய இறக்கையை எப்படி உடையாமல் கட்டுவது, எரிபொருளை எங்கே வைப்பது, எப்படித் தரையிறக்குவது என்பதில்தான் நான்கும் பிரிகின்றன.

இன்னொரு தொல்லை நான்குக்கும் பொது. ஒலிக்குக் கீழே தூக்குவிசையின் மையம் நாணில் முன்னாலிருந்து கால் பங்கு தூரத்தில் இருக்கும். ஒலியைத் தாண்டியதும் அது நடுவுக்கு நகரும். நாண் 8 மீட்டர் என்றால் 2 மீட்டர் நகர்வு. விமானம் மூக்கைக் கவிழ்த்துக்கொள்ளப் பார்க்கும். வாலால் அழுத்திப் பிடிக்கலாம், ஆனால் அந்தப் பிடிக்கும் இழுவை உண்டு. மாக் 2-இல் பறந்த பயணிகள் விமானமான கான்கார்ட் வேறு வழி கண்டது. வேகமெடுக்கும்போது சுமார் 20 டன் எரிபொருளைப் பின் தொட்டிகளுக்கு இறைத்து, விமானத்தின் ஈர்ப்பு மையத்தையே பின்னால் நகர்த்தியது. வேகம் குறையும்போது திரும்ப முன்னால் இறைத்தது. எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் தீர்வுகளில் இது ஒன்று.

நேர் இறக்கை: நேர்மையானது, ஆனால் நமக்கில்லை

நேர் இறக்கையின் முன்விளிம்பு முழுவதும் மாக் கூம்புக்கு வெளியே இருக்கும். அதிர்ச்சி அலையை ஏற்றுக்கொண்டு, "சரி, நான் கூர்மையாகவும் மெல்லிசாகவும் இருந்துகொள்கிறேன்" என்று சொல்லும் இறக்கை இது. அமெரிக்க விமானி சக் யேகர் 1947 அக்டோபர் 14 அன்று பெல் எக்ஸ்-1-இல் மாக் 1.06-ஐ எட்டியது நேர் இறக்கையில்தான். அதன் கனம் 8 சதவீதம்.

இந்த வழியை எல்லைவரை கொண்டுபோனது 1954-இல் முதலில் பறந்த எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் போர் விமானம். இறக்கைக் கனம் 3.36 சதவீதம். முன்விளிம்பு அவ்வளவு கூர்மையாக இருந்ததால் தரையில் நிற்கும்போது ஆட்களின் கை கிழியாமலிருக்க உறை போட்டு மூடினார்கள். இறக்கை மொத்தமும் 18 சதுர மீட்டர் சொச்சம்தான். எந்த இடத்திலும் கனம் ஒரு சாண்கூட வராது. அதற்குள் சக்கரமும் போகாது, எரிபொருளும் போகாது. எல்லாம் உடற்பகுதிக்குள் போயிற்று. தரையிறங்கும் வேகத்தைக் குறைக்க எஞ்சினிலிருந்து காற்றை எடுத்து, பின்விளிம்பில் கீழே மடங்கும் தகடுகளான ஃபிளாப்களின் மேல் ஊத வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் அது மிக வேகமாகத் தரையிறங்கும் விமானமாகத்தான் இருந்தது.

எடையெல்லாம் உடற்பகுதியில் நீளவாக்கில் குவிந்தால் இன்னோர் ஆபத்தும் வரும். விமானம் வேகமாக உருளும்போது அந்த நீண்ட எடை பக்கவாட்டிலும் மேலும் கீழுமாகவும் வீசியடிக்கப் பார்க்கும். டக்ளஸ் எக்ஸ்-3 என்ற ஆய்வு விமானம் 1954-இல் இதில் மாட்டிக்கொண்டு மீண்டது. மாக் 2-க்காக வடிவமைக்கப்பட்ட அது, போதுமான எஞ்சின் கிடைக்காமல், நேர்மட்டமாகப் பறந்து ஒலியை ஒருபோதும் தாண்டவே இல்லை.

மாணவர்களின் கணக்கிலும் இதே சிக்கல் தெரிந்தது. அவர்களுக்கு 20 டன் எரிபொருள் வேண்டும், அதாவது ஏறக்குறைய 25 கன மீட்டர். 45 சதுர மீட்டர் நேர் இறக்கையின் மொத்தக் கனஅளவே இரண்டு கன மீட்டர் சொச்சம். தரையிறங்கும் எடை 25 டன் என்றால், நல்ல ஃபிளாப் போட்டாலும் மணிக்கு 300 கி.மீ. வேகத்தில்தான் ஓடுபாதையைத் தொட முடியும். பயணிகளோடு தினமும் செய்யக்கூடிய காரியமில்லை.

இந்த இறக்கைக்கென்று ஒரு காலம் வரும், அது இன்னும் பெரிய வேகங்களில். மாக் 3-ஐத் தாண்டினால் கூம்பு அவ்வளவு ஒடுங்கிவிடும். எந்த இறக்கையையும் உள்ளே அடக்குவது கடினம். 1967-இல் மாக் 6.7-ஐ எட்டிய எக்ஸ்-15-இன் இறக்கை குட்டையான, மெல்லிய சரிவகம்தான்.

பின்சாய்வு இறக்கை

1935-இல் ரோமில் நடந்த வோல்ட்டா மாநாட்டில் அடால்ஃப் புஸ்மான் ஓர் எளிய உண்மையைச் சொன்னார். இறக்கையைச் சாய்த்துவிட்டால், அதன் விளிம்புக்குச் செங்குத்தாக வரும் காற்றின் வேகம்தான் அதிர்ச்சியைத் தீர்மானிக்கும், விளிம்போடு ஒட்டி ஓடும் பகுதிக்கு அதில் பங்கில்லை. அன்று கேட்டவர்களில் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்தாண்டு கழித்து அமெரிக்காவில் ராபர்ட் டி. ஜோன்ஸ் தனியாக அதே முடிவுக்கு வந்தார்.

மாக் 1.8-இல் 60 டிகிரி சாய்த்தால், விளிம்புக்குச் செங்குத்தான வேகம் மாக் 0.9-தான். இறக்கை ஒலிக்குக் கீழே பறப்பதாகவே நினைத்துக்கொள்ளும். முன்விளிம்பைக் கொஞ்சம் உருட்டலாம். உருண்ட விளிம்பைச் சுற்றி ஓடும் காற்று முன்னோக்கி ஓர் உறிஞ்சு விசையும் தரும். கூம்புக்கு வெளியே நீட்டிய விளிம்பில் அது கிடைக்கவே கிடைக்காது. விளிம்பு கூம்பைத் தொடும் சாய்வுதான் வாசல்: 90 டிகிரியில் கூம்பின் கோணத்தைக் கழித்தால் அது வரும். மாக் 1.8-க்கு வாசல் 56 டிகிரி. மாக் 1.4-க்கு 44 போதும், 2-க்கு 60, 3-க்கு 70.5. வாசலில் அப்படியே நிற்கக் கூடாது என்பது என் கண்டிப்பான கருத்து. விளிம்பும் கூம்பும் ஒட்டிக்கொண்டு போகும் நிலையில் வேகத்தில் சின்ன மாற்றம் வந்தாலும் அழுத்தப் பரவல் புரண்டுவிடும். தெளிவாக உள்ளே இருக்க வேண்டும், அல்லது தெளிவாக வெளியே.

கெட்ட பக்கம் இறக்கையின் நீளத்தில் இருக்கிறது. 60 டிகிரி சாய்ந்த ஒல்லியான இறக்கை, அடிப்பகுதியில் கடுமையாக முறுக்கப்படும். பறக்கும்போது வளைந்தால் நுனியின் தாக்குகோணமும் மாறும். மேற்பரப்பை ஒட்டிய சோம்பலான காற்றுப் படலம் நுனியை நோக்கி வழிந்துபோய் அங்கே தேங்கும். மெதுவாகப் பறக்கும்போது முதலில் ஸ்டால் ஆவது, அதாவது காற்று பிரிந்து தூக்குவிசையை இழப்பது, அந்த நுனிதான். நுனி பின்னால் இருப்பதால் அங்கே தூக்குவிசை போனதும் மூக்கு தானாக மேலே எழும். எழ எழ ஸ்டால் இன்னும் பரவும். 1953-இல் பறந்த, 45 டிகிரி சாய்வுள்ள எஃப்-100 போர் விமானங்களில் தரையிறங்கும் நேரத்தில் இப்படி மூக்கு எழுந்து உயிர்கள் போயிருக்கின்றன.

சாய்வை முன்னோக்கித் திருப்பினால் நுனி ஸ்டால் தீரும். 1984-இல் பறந்த எக்ஸ்-29 அதைக் காட்டியது. ஆனால் முன்சாய்ந்த இறக்கை வளையும்போது தாக்குகோணம் கூடி இன்னும் வளையும். அதை அடக்க விறைப்பான கூட்டுப்பொருள் அடுக்குகளைக் கோணம் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும். மாணவர் போட்டிக்கு அது வேண்டாம்.

மாக் 1.4-க்குள் நிற்கும் விமானம் என்றால், மிதமான சாய்வுள்ள இந்த இறக்கையைத்தான் நான் எடுப்பேன். ஒலிக்குக் கீழேயும் அது நன்றாகப் பறக்கும். ஆனால் 60 டிகிரிக்குப் போய்விட்டால், பின்விளிம்புக்கும் உடற்பகுதிக்கும் நடுவே ஒரு முக்கோண வெற்றிடம் கிடைக்கும். பிரிட்டனின் லைட்னிங் போர் விமானத்தை மேலிருந்து பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். அந்த வெற்றிடத்தை நிரப்பினால் என்ன?

டெல்டா

நிரப்பினால் கிடைப்பது டெல்டா. அந்த நிரப்பலில் மூன்று லாபம்.

முதல் லாபம் நாண் நீளம். 3 சதவீதக் கனம் என்பது 2.5 மீட்டர் நாணில் ஏழரை சென்டிமீட்டர். 12 மீட்டர் நாணில் 36 சென்டிமீட்டர். காற்றுக்கு இரண்டும் ஒரே மெல்லிசு. உள்ளே தாங்குசட்டம் வைப்பவருக்கோ இரண்டும் வேறு உலகம். மாணவர்களின் 140 சதுர மீட்டர் டெல்டாவின் கனஅளவு 20 கன மீட்டரைத் தாண்டியது. சட்டங்களும் குழாய்களும் எடுத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தாலும் எரிபொருளில் பெரும்பகுதி இறக்கைக்குள்ளேயே போய்விடும். அடிப்பகுதி அகலமாக இருப்பதால் முறுக்கலும் அவ்வளவு பயமில்லை.

இரண்டாவது, முன்விளிம்பு கூம்புக்குள்ளேயே இருக்கும்.

மூன்றாவதுதான் அழகானது. குறைந்த வேகத்தில், அதிகத் தாக்குகோணத்தில், கூர்மையான சாய்ந்த விளிம்பில் காற்று பிரிந்துவிடும். சாதாரண இறக்கையில் அது ஸ்டால். டெல்டாவிலோ பிரிந்த காற்று விளிம்பின் மேலேயே கயிறு திரித்தாற்போல் சுருண்டு, இரண்டு பக்கமும் நிலையான சுழல்களாக ஓடும். சுழலின் நடுவில் அழுத்தம் குறைவு. அது இறக்கையை மேலே இழுக்கும். பிரிந்த காற்றை எதிரியாகப் பார்க்காமல் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று 1950-களில் பிரிட்டனின் ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தில் டீட்ரிஷ் கூஹ்மான், யோஹன்னா வெபர், எரிக் மாஸ்கெல் போன்றவர்கள் காட்டினார்கள். அதைப் பறந்து சோதிக்கவே ஹேண்ட்லி பேஜ் எச்.பி.115 என்ற சிறு விமானம் 1961-இல் கட்டப்பட்டது. ஏறக்குறைய 75 டிகிரி சாய்வு. அவ்வளவு ஒடுங்கிய இறக்கை மெதுவாகவும் பாதுகாப்பாகவும் பறந்து காட்டியது. கான்கார்டின் வளைந்த விளிம்புக்குப் பின்னால் இந்த உழைப்பு இருக்கிறது. கான்கார்டில் ஃபிளாப் கிடையாது. சுழல்களை நம்பியே, மூக்கைத் தூக்கிக்கொண்டு மணிக்கு ஏறக்குறைய 300 கி.மீ. வேகத்தில் இறங்கியது. மூக்கு ஓடுபாதையை மறைத்ததால் அதைக் கீழே மடிக்கும் ஏற்பாடும் வேண்டியிருந்தது.

குறைகளை மறைக்கக் கூடாது. மாக் 2-இல் கான்கார்டின் தூக்குவிசை இழுவையைப் போல ஏழு மடங்கு சொச்சம். அது பெரிய சாதனை. ஆனால் மெதுவாகப் பறக்கும்போது, சுழல் தரும் தூக்குவிசைக்கு ஈடாக இழுவையும் ஏறும். இறங்குவதற்குக் காத்து வட்டமிடும் நேரமெல்லாம் எரிபொருள் கரையும். வால் இல்லாத டெல்டாவில் இன்னொன்று: மூக்கைத் தூக்கப் பின்விளிம்பை மேலே மடக்க வேண்டும், மடக்கினால், தூக்குவிசை மிகவும் தேவைப்படும் நேரத்தில் அதில் கொஞ்சம் பறிபோகும். சோவியத் டியு-144 இதற்காகவே விமானியறைக்குப் பின்னால் இரண்டு குட்டி இறக்கைகளை வைத்தது. மெதுவாகப் பறக்கும்போது விரியும், வேகத்தில் உள்ளே மடங்கிவிடும்.

இறக்கை மட்டும் சரியாக இருந்தால் போதாது என்பதற்கும் ஒரு டெல்டாவே சாட்சி. 1953-இல் பறந்த கான்வேர் ஒய்எஃப்-102, கணக்குப்படி ஒலியைத் தாண்டியிருக்க வேண்டும். நேர்மட்டத்தில் தாண்டவில்லை. ரிச்சர்ட் விட்கோம் கண்டுபிடித்த பரப்பு விதி காரணத்தைக் காட்டியது: மூக்கிலிருந்து வால்வரை விமானத்தின் மொத்தக் குறுக்குப் பரப்பு சீராக ஏறி இறங்க வேண்டும். இறக்கை தொடங்கும் இடத்தில் உடற்பகுதியின் இடுப்பை ஒடுக்கி, பின்புறத்தைக் கொஞ்சம் புடைக்க வைத்தார்கள். 1954 டிசம்பரில் அது ஒலியைத் தாண்டியது. மாணவர்களின் நான்கு வரைபடங்களிலும் ஒரே உடற்பகுதி இருந்ததே, அதுவே ஒரு பிழைதான். இறக்கை மாறினால் இடுப்பும் மாற வேண்டும்.

சாய்வு மாறும் இறக்கை

குழுவில் இருவருக்கு இதன் மேல்தான் ஆசை. எனக்குப் புரிகிறது. விரித்தால் நேர் இறக்கையின் நல்ல தரையிறக்கம், மடக்கினால் டெல்டாவின் வேகம். அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 போர் விமானத்தில் 20 டிகிரியிலிருந்து 68 டிகிரிவரை, மாக் எண்ணைப் பார்த்து இறக்கை தானாகவே நகர்ந்தது. விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கவும் வேண்டும், மாக் 2-க்கும் போக வேண்டும் என்ற நிலையில் அதைவிட நல்ல விடை அன்று கிடைத்திருக்காது. டியு-160, பி-1 போன்ற குண்டுவீச்சு விமானங்களும், மெதுவாகவும் வேகமாகவும் பறக்க வேண்டியிருந்ததால், இந்த வழியில் போயின.

விலை சுழலச்சில் இருக்கிறது. இறக்கை சுமக்கும் வளைவு முழுவதும் பக்கத்துக்கு ஒரே ஓர் அச்சு வழியாக உடலுக்குப் போக வேண்டும். 1969 டிசம்பரில் எஃப்-111 ஒன்று, சுமார் 100 மணி நேரமே பறந்திருந்த நிலையில், சுழலச்சுப் பொருத்தில் முன்பே இருந்த குறைபாட்டிலிருந்து விரிசல் ஓடி இறக்கையை இழந்து விழுந்தது. அதன் பிறகே, எந்தப் பாகத்திலும் விரிசல் இருக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டு வடிவமைக்கும் முறை அமெரிக்க விமானப் படையில் உறுதியாக வந்தது. தூக்குவிசை மையத்தின் நகர்வும் இங்கே இரட்டிப்பு: வேகத்தால் ஒருமுறை, மடக்குவதால் இன்னொருமுறை. 1951-இல் பறந்த பெல் எக்ஸ்-5-இல் இறக்கையை மடக்கும்போது அதன் அடியையே தண்டவாளத்தில் முன்னால் நகர்த்த வேண்டியிருந்தது. பிறகு அச்சைக் கொஞ்சம் வெளிப்பக்கம் தள்ளி வைத்து அந்த நகர்வைக் குறைத்தார்கள்.

பயணிகள் விமானத்துக்கு இது ஒத்துவருமா என்பதை போயிங் பெரிய செலவில் சோதித்துவிட்டது. ஒலியைத் தாண்டும் பயணிகள் விமானத்துக்கான அதன் 2707 திட்டம் 1966-இன் இறுதியில் தேர்வானது சாய்வு மாறும் இறக்கையோடுதான். எடை ஏறிக்கொண்டே போக, 1968-இல் அதைக் கைவிட்டு நிலையான டெல்டாவுக்கு மாறினார்கள். 1971-இல் திட்டமே நின்றது. மாணவர்கள் தங்கள் விமானத்தில் சுழலச்சுக்கும் அதைச் சுற்றிய பெட்டிக்கும் ஒன்றரை டன் கூடுதல் எடை என்று மதிப்பிட்டிருந்தார்கள். 12 பயணிகளும் பெட்டிகளும் சேர்ந்து 1.2 டன். பயணிகளைவிடக் கனமான கீலைச் சுமந்துகொண்டு 6,000 கி.மீ. போவானேன்?

ராபர்ட் ஜோன்ஸ் இதற்கும் ஒரு மாற்று சொன்னார். ஒரே இறக்கையை நடுவில் ஓர் அச்சில் வைத்து, ஒரு பக்கம் முன்னாலும் மறுபக்கம் பின்னாலும் போகும்படி கத்தரிபோல் திருப்புவது. நாசாவின் ஏடி-1 விமானம் 1979 முதல் 1982 வரை 60 டிகிரி திருப்பம்வரை அதைப் பறந்து பார்த்தது. கோட்பாட்டில் அலை இழுவை குறைவு. பறப்பதற்கோ, பெரிய திருப்பக் கோணங்களில், விமானிகளுக்கு உவப்பானதாக இல்லை.

நிமிடக் கணக்கு

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். அந்த உயரத்தில் மாக் 1.8 என்பது மணிக்கு ஏறக்குறைய 1,900 கி.மீ. ஏறுவது இறங்குவது போக, 6,000 கி.மீ. பயணத்தில் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஒலியைத் தாண்டிய பறப்பு. முன்விளிம்பு வெப்பம் சுமார் 84 டிகிரிதான், அலுமினியம் தாங்கும். இந்தப் பாதை முழுவதும் கடல்மேல் என்றால் டெல்டா வெல்கிறது, அதில் எனக்குத் தயக்கமே இல்லை.

பாதையில் பாதி நிலத்தின்மேல் என்றால் கணக்கு மாறும். அதிர்ச்சி அலைகள் தரையில் இடியாக விழும். அமெரிக்கா 1973-இல் தன் நிலத்தின்மேல் பயணிகள் விமானம் ஒலியைத் தாண்டிப் பறப்பதைத் தடை செய்தது. கான்கார்ட் தன் வேகத்தைக் கடல்மேல்தான் காட்டியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒலிக்குக் கீழே பறக்க வேண்டிய விமானத்துக்குச் சுத்தமான டெல்டா சுமையாகிவிடும். அந்த நிலையில் மாக் 1.4-க்கு இறங்கி வந்து, 50 டிகிரி பின்சாய்வை எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். இடியைக் குறைப்பதிலும் இறக்கைக்குப் பங்குண்டு. தூக்குவிசையை நீளவாக்கில் பரப்பினால் அலைகள் ஒன்றுசேராமல் தனித்தனியாகத் தரைக்கு வரும். நாசாவின் எக்ஸ்-59 ஏறக்குறைய 30 மீட்டர் நீளம். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூக்கு, பின்னால் நீண்ட டெல்டா.

மாணவர்கள் கடல் பாதையை எடுத்துக்கொண்டார்கள். ஆகவே டெல்டா. எந்த டெல்டா என்பதில் நான் பார்க்கச் சொன்னது 1955-இல் பறந்த ஸ்வீடனின் சாப் டிராக்கன். அதில் உள்பகுதி 80 டிகிரி, வெளிப்பகுதி 57 டிகிரி. உள்பகுதி எரிபொருளையும் அலை இழுவையையும் பார்த்துக்கொள்ளும். வெளிப்பகுதி இறக்கையை அகலப்படுத்தி மெதுவான பறப்புக்கு உதவும். 1982-இல் பறந்த எஃப்-16எக்ஸ்எல் உள்ளே 70, வெளியே 50 என்று வைத்தது. மாக் 1.8-க்கு இந்த இரண்டாவது ஜோடிதான் எனக்குப் பிடிக்கிறது. 70 தெளிவாகக் கூம்புக்குள், 50 தெளிவாக வெளியே. வெளியே இருக்கும் துண்டு சிறியது. அதைக் கூர்மையாக, 3 சதவீதத்துக்குள் வைத்துவிட்டால் அதிர்ச்சி அலைக்குக் கொடுக்கும் விலையும் சிறியது. அதோடு ஒரு சிறிய வால் இறக்கையையும் சேர்க்கச் சொன்னேன். இழுவை கொஞ்சம் கூடும். ஆனால் தரையிறங்கும்போது பின்விளிம்பை மேலே மடக்க வேண்டியதில்லை, கீழே மடக்கி ஃபிளாப்பாகவே பயன்படுத்தலாம். அவர்கள் கணக்கில் தொடும் வேகம் மணிக்கு 240 கி.மீ. அளவுக்கு வந்தது.

சுழல் விஷயத்தில் மட்டும் கணினியை முழுவதும் நம்ப வேண்டாம் என்றேன். விளிம்பு ஒடியும் இடத்தில் உள் சுழலும் வெளிச் சுழலும் சந்திக்கும். எந்தக் கோணத்தில் அவை உடைகின்றன, ஒரு பக்கம் முன்னதாக உடைந்தால் விமானம் எந்தப் பக்கம் உருளும் என்பதை மாதிரியை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதற்குச் சூப்பர்சானிக் காற்றுச் சுரங்கம் தேவையில்லை, சாதாரணக் குறைவேகச் சுரங்கமும் புகையும் போதும். இப்போது இரண்டு அடி நீளத்தில் மர மாதிரி ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் 12 டிகிரியில் தொடங்கி, இரண்டிரண்டு டிகிரியாக ஏற்றிப் பார்க்கப் போகிறோம்.